மூன்றாம் எண் டிராலி

பையை மேலே வைக்க வேண்டாம் சார், மடியிலேயே இருக்கட்டும். கனம்தான். ஆனால் உள்ளே ரிஜிஸ்டர் இருக்கிறது. மேலே வைத்தால் யாராவது தக்காளிக் கூடையை அதன்மேல் ஏற்றிவிடுவார்கள். நம் ஜனங்களுக்குக் கூடைக்கும் ரிஜிஸ்டருக்கும் வித்தியாசம் தெரியாது. நீங்களும் இந்த பஸ்ஸில் கோயமுத்தூர் வரைக்கும்தானே? நல்லது. பதினோரு மணிக்கு எனக்கு ஹெட் ஆபீசில் விசாரணை. சாயங்காலம் இதே வழியில் திரும்பி வரும்போது எனக்கு வேலை இருக்குமா, இருக்காதா என்பது இந்தப் பைக்குள் இருக்கிறது.

பயந்துவிடாதீர்கள், நான் எதையும் திருடவில்லை. நான் சேஃப்டி ஆபீசர். சுரேந்தர் என்று பெயர். காங்கேயம் பக்கத்தில் புண்ணாக்கிலிருந்து எண்ணெய் எடுக்கும் ஆலை. செக்கில் ஆட்டிய பிறகும் புண்ணாக்கில் கொஞ்சம் எண்ணெய் ஒட்டிக்கொண்டிருக்கும் அல்லவா, அதை ஹெக்சேன் என்று ஒரு திரவத்தை விட்டுக் கழுவி எடுப்பார்கள். ஹெக்சேன் பெட்ரோலுக்குத் தம்பி, ஆலையில் சால்வென்ட் என்போம். ஒரு பொறி போதும். அப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்கிறவர்கள் எப்படி இருக்க வேண்டும்? ஆனால் எப்படி இருக்கிறார்கள் தெரியுமா? அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

சினிமா தியேட்டர் சுவரில் சிவப்பாக ஒரு சிலிண்டர் மாட்டியிருக்குமே, தீயணைக்க, பார்த்திருப்பீர்கள். அது குழந்தை. எங்களிடம் இருப்பதில் பொடி மட்டும் எழுபத்தைந்து கிலோ. இரும்பையும் சேர்த்தால் தூக்க முடியாது. அதனால் இரண்டு சக்கரம், ஒரு கைப்பிடி வைத்துத் தள்ளுவண்டி போலச் செய்திருப்பார்கள். டிராலி என்போம். பக்கத்தில் ஒல்லியாக ஒரு நைட்ரஜன் சிலிண்டர் இருக்கும். அதைத் திருகினால் வாயு பெரிய சிலிண்டருக்குள் போய்ப் பொடியை ட்யூப் வழியாக வெளியே தள்ளும். பொடி தீயை மூடும். அவ்வளவுதான் விஷயம். எங்களிடம் மூன்று டிராலி. ஒன்றாம் எண் ஹெக்சேன் டேங்க் கேட்டில். இரண்டாம் எண் சால்வென்ட் பம்ப்பை ஒட்டி. மூன்றாம் எண் பின்வாசலில், புண்ணாக்கு மூட்டை பிடிக்கிற இடத்தில். மூன்றும் ஒரே நாளில் வாங்கியவை.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அவை இருந்த கோலத்தைச் சொல்கிறேன். ஒன்றாம் எண்ணின் கைப்பிடியில் டிபன் பை தொங்கியது. இரண்டாம் எண்ணில் ஒருவன் ஈரத் துண்டைக் காயப்போட்டிருந்தான். மூன்றாம் எண்ணுக்கு ஆயுத பூஜையில் சந்தனம், குங்குமம் வைத்து, ட்யூப் முனையில் ஊதுபத்தி செருகியிருந்தார்கள். தீயணைக்கும் கருவியில் ஊதுபத்தி. சிரிக்காதீர்கள் சார். நான் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் போனவன் நான்தான். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, அதன்மேல் சேஃப்டி டிப்ளமோ. சொந்தத்தில் ஒருவருக்கும் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று விளங்காது. தீ பிடிக்காமல் பார்த்துக்கொள்கிறேன் என்றால், பிடிக்காத தீக்கு எதற்குச் சம்பளம் என்கிறார்கள். அவர்களிடம் என்ன பேச?

நான் மூன்றே மாதத்தில் எல்லாவற்றையும் மாற்றினேன். ஒவ்வொரு டிராலிக்கும் தரையில் மஞ்சள் கட்டம் போட்டேன். அட்டை தொங்கவிட்டேன். விதிப்படி மாதம் ஒரு தடவை பார்த்தால் போதும், நான் வாரம் ஒரு தடவை பார்த்தேன். சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். சீல் உடையாமல் இருக்கிறதா, நைட்ரஜன் முள் பச்சையில் நிற்கிறதா, பெயின்ட் உரிந்திருக்கிறதா, டிராலி கட்டத்துக்குள் இருக்கிறதா, எல்லாம் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ஒருநாள் லோடிங் ஆட்கள் ஒன்றாம் எண்ணின்மேல் ஒரு மோட்டாரை ஏற்றித் தள்ளிக்கொண்டு போனதைப் பார்த்தேன். மறுநாளே ஒன்றையும் இரண்டையும் பக்கத்துத் தூணோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டினேன். சக்கரம் இருப்பதால்தானே தள்ளத் தோன்றுகிறது? சாவி என் இடுப்பில். பார்க்க ஒரே மாதிரி இருக்கட்டும் என்று சங்கிலிக்கும் பூட்டுக்கும் சேர்த்துச் சிவப்புப் பெயின்ட் அடிக்கச் சொன்னேன். ஆடிட்டுக்கு வந்தவர் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார் சார்.

மூன்றாம் எண் பக்கத்தில் தூண் இல்லை. அதனால் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் செங்கல் வைத்தேன். அங்கேதான் மாராத்தாள் வந்தாள்.

மாராத்தாள் கான்ட்ராக்டில் பெருக்குகிறவள். ஐம்பது வயது இருக்கும். வெள்ளிக்கிழமை ஆனால் அவளுக்கு ஆலையும் அவள் வீடும் ஒன்று. மூலை முடுக்கெல்லாம் பெருக்கியாக வேண்டும். செங்கலைக் காலால் நகர்த்துவாள். டிராலியின் கைப்பிடியைப் பிடித்து, வண்டி மாட்டை அதட்டுவது போல ஏதோ சொல்லிக்கொண்டு, அப்படியே பின்னால் சாய்ப்பாள். சுவர் வரைக்கும் இழுத்துக்கொண்டு போவாள். அடியில் பெருக்குவாள். திரும்பத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்துவாள். நிறுத்துவது என்றால், கட்டத்துக்குள் இல்லை சார். ஒரு நாளும் இல்லை. நாலு அங்குலம் இந்தப் பக்கம், அல்லது ஒரு சாண் அந்தப் பக்கம். சனிக்கிழமை நான் போய்ப் பார்த்தால் கோட்டுக்கு மேல் சக்கரம். ஏன், அவளுக்குக் கண் தெரியாதா? மஞ்சள் கோடு இரண்டங்குல அகலம். குருடனுக்குக்கூடத் தெரியும்.

நான் மரியாதையாகத்தான் சொன்னேன். உங்கள் வேலை பெருக்குவது, அதைத் தொடுவது இல்லை என்றேன்.

"தொடாம எப்படிக் கண்ணு அடியில பெருக்கறது? புண்ணாக்குத் தூளு கெடக்குது. எலி வந்து ட்யூபக் கடிச்சுப்போடுமுங்க."

படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? எலி வந்தால் எலிக்கு ஒரு படிவம் இருக்கிறது, அதை நிரப்பினால் ஆள் வந்து மருந்து வைப்பான். இன்னொரு நாள் டிராலியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். உள்ளே பொடி சலசலவென்று மணல் மாதிரி ஓடுகிறதாம், காது வைத்துக் கேட்கச் சொன்னாள். தண்ணீர் குடித்த மாட்டின் வயிறு இப்படித்தான் இருக்குமாம். நான் நின்று கேட்கவில்லை. யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்? சேஃப்டி ஆபீசர் சிலிண்டரிடம் ரகசியம் கேட்கிறார் என்பார்கள்.

அந்தக் "கண்ணு"தான் சார் எனக்கு ஆகாது. எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்கிறதுதான், தெரியும். எங்கம்மா வெள்ளகோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் பெருக்குகிறாள். அவளும் என்னைக் கண்ணு என்றுதான் கூப்பிடுவாள். அதே சொல், அதே இழுப்பு. அது வீட்டில். ஆடிட்டர் டையோடு நின்றுகொண்டிருக்கிறார், நான் நைட்ரஜன் அழுத்தத்தைப் பற்றி இங்கிலீஷில் விளக்கிக்கொண்டிருக்கிறேன், பின்னாலிருந்து இவள், "கண்ணு, கொஞ்சம் காலத் தூக்கு" என்கிறாள். விளக்குமாறு என் ஷூவில் வந்து இடிக்கிறது. ஆடிட்டர் சிரித்தார். என் கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது. இந்த வேலை செய்கிறவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தெரிந்ததால்தான் சொல்கிறேன், அவர்களுக்குக் கோடு புரியாது.

வாரா வாரம் எழுதினேன். மூன்றாம் எண், இடத்தில் இல்லை, இடப்பக்கம் நான்கு அங்குலம். மூன்றாம் எண், இடத்தில் இல்லை, முன்பக்கம் ஆறு அங்குலம். அளவுகோல் வைத்து அளந்தேன் சார், குத்துமதிப்பாக எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை. முப்பத்தொரு வாரம். முப்பத்தொன்றாவது வாரம் கான்ட்ராக்டருக்குக் கடிதம் கொடுத்தேன். வேலையை விட்டு நிறுத்தச் சொல்லவில்லை, அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். ஆலைக்குள் வராமல் வேறு இடத்தில் போடுங்கள் என்றுதான் எழுதினேன். வெளியே களத்தில் தேங்காய்ப் பருப்பைக் காயவைத்துப் புரட்டிப் போடுகிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். கேட்டில் எதிரே பார்த்தபோது, "என்னைய வெயிலுக்கு அனுப்பிப் போட்டியே கண்ணு" என்றாள். கோபமாகச் சொன்னால்கூடப் பரவாயில்லை. சிரித்துக்கொண்டு சொன்னாள். அப்படிப்பட்ட ஜென்மம்.

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் மூன்றாம் எண் கட்டத்துக்குள் கச்சிதமாக இருந்தது. சரி என்று எழுதினேன். சரி. அடுத்த வாரமும் சரி. அந்த இரண்டு நாளும் எனக்குக் காப்பி எவ்வளவு ருசியாக இருந்தது தெரியுமா?

போன திங்கட்கிழமை தீப்பிடித்தது.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். சால்வென்ட் பம்ப்பில் கசிவு. கீழே தேங்கியதில் எப்படியோ பொறி விழுந்துவிட்டது. பெரிய தீ இல்லை, ஒரு கட்டில் அகலம்தான். ஆனால் இருபதடி தள்ளி டேங்க். பம்ப்பில் ஆபரேட்டர் நாச்சிமுத்து இருந்தான். இருபது வருஷ சர்வீஸ், அந்தத் திமிர் எப்போதும் உண்டு. இரண்டாம் எண் அவன் கையெட்டும் தூரத்தில் இருந்தது, தள்ளவே தேவையில்லை, ட்யூப் எட்டும். நைட்ரஜனைத் திருகினான். ட்யூப் விறைத்தது. முகப் பவுடர் மாதிரி கொஞ்சம் பறந்தது. பிறகு வெறும் காற்று. காற்று மட்டும் சார், புஸ்ஸென்று. அந்தக் காற்றில் தீ ஒரு தடவை புரண்டு அவன் கையைப் பிடித்தது. உள்ளே பொடி மொத்தமும் கட்டி தட்டிப் பாறையாகக் கிடந்தது என்று பிறகுதான் திறந்து பார்த்தார்கள். கடப்பாரையால் குத்தி எடுத்தார்கள்.

நீங்கள் கேட்க நினைப்பது புரிகிறது. திறந்து பார்த்தாயா என்று. இதே நாச்சிமுத்து நாலைந்து மாதம் முன்பு என்னிடம் கேட்டான், பொடி அசையாமல் கிடந்தால் இறுகிப்போகுமே, மூடியைத் திறந்து கையால் அளைந்து பார்க்க மாட்டீர்களா சார் என்று. விதிப் புத்தகத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. இல்லை என்று சொல்ல மாட்டேன், நான் பொய் சொல்கிறவன் இல்லை. ஆனால் அதே புத்தகத்தில் சீல் உடையாமல் இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. திறந்தால் சீல் உடையும். உடைந்த சீலோடு ஆடிட்டரிடம் போய் நிற்பதா? பொடி யார் கண்ணுக்கும் தெரியாது. சீல் தெரியும். இரண்டில் எதைக் காப்பாற்றுவது? நீங்களே சொல்லுங்கள்.

சத்தம் கேட்டு நான் ஆபீசிலிருந்து ஓடினேன். ரிஜிஸ்டரில் அடுத்த மாதத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன், ஸ்கேல் கையிலேயே இருந்தது. ஒன்றாம் எண்ணைச் சுற்றி நாலைந்து பேர் நின்று சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். "சாவி, சாவி" என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சாவி என்னிடம்தான் இருந்தது. எடுத்தேன். பூட்டில் போகவில்லை. துவாரத்துக்குள் பெயின்ட் இறுகியிருந்தது. பெயின்டர் கவனக்குறைவு. பூட்டுக்கு அடி என்றால் துவாரத்துக்குள்ளும் அடிக்கச் சொன்னேனா? கல்லை எடுத்துப் பூட்டை அடிக்கப் போனவனைத் தடுத்தேன், பொறி பறக்கும் என்று. அதுவும் சரிதானே? யாரோ என்னைத் தள்ளிவிட்டார்கள். யார் என்று தெரியவில்லை. அறிக்கையில் எழுதியிருக்கிறேன்.

அப்போதுதான் பின்வாசல் பக்கமிருந்து சக்கரச் சத்தம் கேட்டது.

அவள்தான். களத்திலிருந்து ஓடிவந்திருக்கிறாள். செருப்பு இல்லை. காலில் மெட்டி. ஹெக்சேன் இருக்கிற இடத்தில் வெறுங்கால், மெட்டி, அனுமதிச் சீட்டு கிடையாது, இது எத்தனை விதிமீறல் என்று எண்ணிப் பாருங்கள். டிராலியைப் பின்னால் சாய்த்துப் பிடித்து, அது இடப்பக்கம் இழுக்கும் என்று தெரிந்து வலப்பக்கம் அழுத்திக்கொண்டு, மேட்டில் ஏற்றிப் பள்ளத்தில் இறக்கி, நேராகக் கொண்டுவந்து நாச்சிமுத்துவின் காலடியில் நிறுத்தினாள். அவன் வெந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு இடக்கையால் நைட்ரஜனைத் திருகினான். ட்யூபை அவள் பிடித்துக்கொண்டாள்.

பொடி கொட்டியது சார். வெள்ளையாக, மழை மாதிரி. அவள் தீயின் அடியைப் பார்த்து, இடமும் வலமுமாக, தரையைப் பெருக்குகிற மாதிரியே வீசினாள். அப்படித்தான் வீச வேண்டும், அது சரியான முறை, பயிற்சிப் புத்தகத்தில் படமே இருக்கிறது. ஆனால் அவள் பயிற்சிக்கு வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் இல்லை. தெரியாமல் செய்தது சரியாக அமைந்துவிட்டால் அதற்குப் பெயர் திறமையா?

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, தீ அணைந்துவிட்டது. எல்லாரும் இருமிக்கொண்டு நின்றார்கள். அவள் தலை முதல் கால் வரை மாவு மில்லிலிருந்து வந்தவள் மாதிரி இருந்தாள். நாச்சிமுத்துவை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்வரை கூடவே நின்றாள். பிறகு போய் விளக்குமாற்றை எடுத்துவந்து பொடியைக் கூட்ட ஆரம்பித்துவிட்டாள். கடைசியில் காலி டிராலியைத் தள்ளிக்கொண்டு போய் மூன்றாம் எண் கட்டத்தில் நிறுத்தினாள். அன்றைக்கு மட்டும் கோட்டுக்குள் கச்சிதமாக நிறுத்தினாள் சார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது என் பக்கம் திரும்பி, "இப்பச் சரியா நிக்குதா கண்ணு?" என்றாள்.

நீங்களே சொல்லுங்கள், இது குத்திக்காட்டுவதா இல்லையா? நாச்சிமுத்துவின் ஆட்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. உண்மையாகவே கேட்பவள் மாதிரி நின்றாள். அதுதான் இன்னும் மோசம். சரி என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

இப்போது அவளுக்கு ஆலையில் டீயும் பன்னும் கொடுத்து உட்காரவைத்துப் பேசுகிறார்கள். எனக்கு மெமோ. மெமோவில் ஒரே கேள்விதான். மூன்றும் ஒரே நாளில் வாங்கியவை, மூன்றிலும் ஒரே பொடி. இரண்டு ஏன் வேலை செய்யவில்லை, மூன்றாவது மட்டும் எப்படி வேலை செய்தது? நான் ஒன்பது பக்கம் விளக்கம் எழுதியிருக்கிறேன். ஒன்றாம் எண்ணுக்குப் பெயின்டர் பொறுப்பு. இரண்டாம் எண்ணுக்குப் பொடி விற்ற கம்பெனி பொறுப்பு. மூன்றாவது வேலை செய்தது தற்செயல். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை. ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன், மூன்றாம் எண்ணுக்கு நான் மற்ற இரண்டுக்கும் செய்யாத எதையும் செய்யவில்லை.

அம்மாவுக்கு போன் பண்ணினேன். முதலில் சொல்ல வேண்டாம் என்று இருந்தேன், சொல்லிவிட்டேன். முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, "அந்தம்மாளுக்கு ஒண்ணும் ஆகலியே?" என்றாள். உன் மகனுக்கு வேலை போகப்போகிறது என்கிறேன், யாரோ ஒரு பெருக்குகிறவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறாள். காலில் கொப்புளம் போட்டிருக்கிறது, அவ்வளவுதான் என்றேன். சூடான தரையில் வெறுங்காலோடு நின்றால் வராதா? செருப்புப் போட்டுக்கொண்டு வந்திருந்தால் வந்திருக்குமா? நீ போய் அந்தம்மாளைப் பாத்தியா என்றாள். சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன். பொய்தான். நான் சொன்ன ஒரே பொய் அது.

நேற்று சாயங்காலம் மேனேஜர் ஜெயச்சந்திரன் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். தாழ்ந்த குரலில் பேசினார். "விளக்கத்தை மட்டும் கொடு. ரிஜிஸ்டரைக் கொண்டு போகாதே சுரேந்தர். கேட்டா புகையில வீணாப் போச்சுன்னு சொல்லிரு. உன் நல்லதுக்குச் சொல்றேன்."

பார்த்தீர்களா? இருபத்தைந்து வருஷ அனுபவம் என்று மார்தட்டுகிற மனுஷன், ரிஜிஸ்டரை மறைக்கச் சொல்கிறார். அதில் எனக்கு எதிராக என்ன இருக்கிறது என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நிஜமாகவே உனக்குத் தெரியலையா என்றார். அவருக்கு வயிற்றெரிச்சல் சார், வேறென்ன. அவர் காலத்து ரிஜிஸ்டர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரே நாளில் உட்கார்ந்து ஒரே பேனாவால் பன்னிரண்டு மாதத்துக்கு எழுதினவை. என்னுடையதில் ஒரு அடித்தல் கிடையாது, ஒரு வாரம் விட்டது கிடையாது. என் கையில் ஒரு பொய்க் கையெழுத்து வராது. நான் எதற்கு மறைக்க வேண்டும்?

சூலூர் வர இன்னும் நேரம் இருக்கிறது. நீங்களே பாருங்கள். பரவாயில்லை, பிடியுங்கள். இது ஒன்றாம் எண். வரிசையாகப் பாருங்கள். சரி, சரி, சரி. முப்பத்துமூன்று வாரமும் சரி. ஒரு அங்குலம்கூட நகரவில்லை. இது இரண்டாம் எண். அதுவும் அப்படியே, வைத்த இடத்தில் வைத்தபடி. இப்போது மூன்றாம் எண் பக்கத்தைத் திருப்புங்கள். கடைசி இரண்டைத் தவிர எல்லாம் சிவப்பு மையில் எழுதியிருப்பது. இடத்தில் இல்லை. இடத்தில் இல்லை. தேதியைப் பாருங்கள், ஒவ்வொரு வெள்ளிக்கும் மறுநாள். அவள் அதை எந்தப் பக்கம் எத்தனை அங்குலம் தள்ளி வைத்தாள் என்று முப்பத்தொரு தடவை அளந்து எழுதியிருக்கிறேன். ஆலையில் வேறு யார் இதைக் கவனித்தார்கள்? ஒருவரும் இல்லை. அவள் அந்த டிராலியைப் படுத்திய பாடு இந்த ஒரு இடத்தில்தான் எழுத்தில் இருக்கிறது. அவளுக்கே எத்தனை தடவை என்று தெரியாது.

முழுக்கப் பார்த்துவிட்டீர்களா? ஏன் சார் அதற்குள் மூடிவிட்டீர்கள்?

என்ன, நீங்களும் மேனேஜர் மாதிரியே பேசுகிறீர்கள். இல்லை சார். கொண்டு போகத்தான் போகிறேன். மேஜைமேல் வைத்து, மூன்றாம் எண் பக்கத்தைத்தான் முதலில் திறந்து காட்டப்போகிறேன். நான் என் வேலையைச் செய்தேன் என்பதற்கு இதைத் தவிர என்னிடம் வேறு என்ன இருக்கிறது?